லகூன் நெபுலாவும் ஐஸ்பெட்டியில வெச்ச கேமராவும்: நாய்ஸ் குறைச்ச அனுபவம்

லகூன் நெபுலாவோட படத்த, எம்8னும் சொல்வாங்க, தனுசு பக்கம் வானத்துல மினுங்கற வாயு மேகம், மூணு தடவ முதல்ல இருந்து ப்ராசஸ் பண்ணிட்டேன், மூணாவது தடவதான் எனக்கு மனசுக்கு ஒத்துக்கிச்சி, அதனால நாய்ஸ, அதாவது வானத்துல இல்லாம படத்துல மட்டும் வர்ற புள்ளி, கோடு, குருணைய கொறைக்கறதுல என்னென்ன தப்பு செஞ்சேன் எதனால சரியாச்சின்னு மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன். நம்ம ஊரு மாதிரி சூடான ஊர்ல சாதா டிஎஸ்எல்ஆர் வெச்சி படம் எடுக்கறவங்களுக்கு இது ஒதவும்னு நெனைக்கிறேன், ஏன்னா வீடியோல சொல்லிக் குடுக்கறவங்க முக்காவாசி பேரு குளிர் ஊர்ல இருக்காங்க, அவங்களுக்கு சரியா வர்ற சில விஷயம் நமக்கு அப்படியே தலகீழா போவுது.

எடம் மலேசியாவுல பகாவ் பக்கத்துல ஒரு தோட்டம். எனக்கு மில்லுல சார்ஜ்மேன் வேல, அம்மா இன்னும் லயத்து வீட்டுலதான் இருக்காங்க, வீட்டுக்குப் பின்னால திடல், அதத் தாண்டி செம்பன, அதான் எண்ணெய்ப் பன. மேக்கால சிரம்பான் வெளிச்சம் லேசா தெரியும், அத விட பெரிய தொல்ல எங்க மில்லோட ஃப்ளட்லைட்டு. தெக்குப் பக்கம் நல்ல இருட்டு, அதான் முக்கியம், தேள் வாலும் தனுசும் அந்தப் பக்கம்தான ஏறி வருது. எம்8 நம்ம ஊர்ல உச்சிக்கு வர்றப்ப தரையில இருந்து 60 டிகிரிக்கு மேலயே நிக்கும், ஐரோப்பாக்காரன் இத மரத்துக்கும் கூரைக்கும் நடுவுல எட்டிப் பாத்துதான் எடுக்கணும், அந்த விஷயத்துல நமக்குக் குடுப்பன இருக்கு. ஜூன் கடைசியில உச்சிக்கு வர்ற நேரம் ராத்திரி 1 மணி கிட்ட ஆயிடும், 1982-ல தீபகற்பத்துக் கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளுனதுல நம்ம நெசமான நடுராத்திரி 12 மணிய விட்டு இன்னும் தள்ளிப் போயிடுச்சி.

சாமான்: பழைய கேனன் 600டி, ஃபில்டர் எதுவும் மாத்தாதது, 72 எம்எம் ஈடி டெலஸ்கோப், ஃபோக்கல் லென்த் 420, செகண்ட் ஹேண்ட் ஈக்யூ5 மவுண்டு (வானம் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி டெலஸ்கோப்பத் திருப்பற தாங்கி), கைடிங்குக்கு, அதாவது ஒரு நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே மவுண்ட சரி பண்றதுக்கு, 120 எம்எம் சின்னக் கொழாயும் ஒரு குட்டி கேமராவும். துருவ நட்சத்திரம் இங்க மூணு டிகிரி ஒசரம் கூட இல்ல, செம்பன மறச்சிக்கும், அதனால மவுண்ட துருவத்துக்கு நேரா திருப்பறதுக்கு (போலார் அலைன்மெண்ட்) நினாங்கற சாஃப்ட்வேர்ல இருக்கற மூணு புள்ளி அலைன்மெண்ட்டுதான் கதி. அத இன்னொரு நாளைக்கு எழுதறேன்.

மொத நாள் 120 செகண்டுல 45 ஃப்ரேம், ஐஎஸ்ஓ 800, ஒன்றரை மணி நேர டேட்டா கெடச்சிச்சி. டார்க் எடுக்கறதுக்கு ஒரு வீடியோல பாத்தத செஞ்சேன். டார்க்குன்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு: மூடியப் போட்டு, அதே நேரம் அதே ஐஎஸ்ஓவுல ஒண்ணுமே இல்லாத இருட்டப் படம் எடுக்கறது. சென்சார் தானா கக்கற சூட்டு சிக்னலும் ஹாட் பிக்சலும் மட்டும் அதுல பதியும், அத நெசப் படத்துல இருந்து கழிச்சிடலாம். அந்த வீடியோக்காரர் கேமராவ ஐஸ்பெட்டியில வெச்சி பகல்லயே டார்க் எடுக்கலாம்னு சொன்னாரு. நானும் மறுநாள் கேமராவ ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில போட்டு, அம்மா கிட்ட சொல்லி மீன் சட்டிய ஒதுக்கிட்டு மேல் தட்டுல வெச்சேன், 30 டார்க் எடுத்தேன், ஸ்டாக் பண்ணேன் (எல்லா ஃப்ரேமையும் ஒண்ணா அடுக்கி ஒரே படமாக்கறது), ஸ்ட்ரெச் பண்ணேன் (இருட்டுல இருக்கறத கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளிச்சமாக்கறது). படம் முழுக்க செவப்பு பச்ச நீலப் புள்ளி, போதாக்கொறைக்கு மேல இருந்து கீழ சாஞ்ச மழ மாதிரி கோடு கோடா இழுத்திருக்கு.

எனக்கு அப்ப என்னா தோணுச்சின்னா, நாய்ஸ்தான, சாஃப்ட்வேர்ல தொடச்சிடலாம்னு. டீநாய்ஸ், அதான் நாய்ஸத் தொடைக்கற டூல, ஃபுல்லா ஏத்தி விட்டேன். புள்ளி போச்சி, கோடு பாதி போச்சி, நெபுலா வழுவழுன்னு ஆயிடுச்சி. சின்ன ஸ்க்ரீன்ல பாக்க அழகாதான் இருந்துச்சி, அத பிரிண்ட்டு போட்டு எடுத்துட்டு வந்து பக்கத்து வீட்டு தாத்தா கிட்ட காட்டுனேன். அவரு நாப்பது வருசம் பால்மரம் வெட்டுனவரு, தலையில வெளக்கு கட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னால பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற எடம்) போன ஆளு, தேளும் ஆறாமீனும் எந்த மாசம் எந்தப் பக்கம் நிக்கும்னு எனக்கு மொதமொத சொல்லிக் குடுத்ததே அவருதான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்டாரு, "தம்பி, இது மேல நெசமாவே இப்பிடி இருக்கறதா, இல்ல நீ பூசுனதா?"

எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஓரத்துல அந்த வழுவழுப்புல ஒரு நரம்பு மாதிரி கோடு ஓடுச்சி, அது நெபுலாவோட தூசியா இல்ல டீநாய்ஸ் வரஞ்சதான்னு எனக்கே தெரியல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவ ஒவ்வொரு நாய்ஸும் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டுதான் அடுத்த படிக்குப் போறதுன்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல ஐஸ்பெட்டி. கேனன் ரா ஃபைலோட எக்சிஃப்ல (படத்தோட கூடவே கேமரா எழுதி வெக்கற விவரம்) கேமராவோட உள்சூடு பதிஞ்சிருக்கும், அத எடுத்துப் பாத்தேன். மொத லைட் ஃப்ரேம் (வானத்த எடுத்த நெசப் படம்) 30 டிகிரி, கடைசி ஃப்ரேம் 38. ஐஸ்பெட்டியில எடுத்த டார்க் 14. சென்சார்ல சூட்டால வர்ற டார்க் கரண்ட்டு ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒரு தடவ ரெட்டிப்பாவும், 38-க்கும் 14-க்கும் நடுவுல 24 டிகிரி, அதாவது நாலு ரெட்டிப்பு, 16 மடங்கு. என் லைட்டுல 16 பங்கு அழுக்கு இருக்கு, நான் கழிச்சது ஒரு பங்கு. அந்த வீடியோக்காரர் சொன்னது அவர் ஊருக்கு சரிதான், அங்க ராத்திரி குளிரு ஐஸ்பெட்டி குளிரு மாதிரியே இருக்கும், சூடு பொருந்திப் போவும். நமக்கு ராத்திரி 1 மணிக்கும் 26, 27 டிகிரி, சில நாளு அதுக்கும் மேல.

இப்ப என்னா செய்றேன்னா, லைட் முடிஞ்ச கையோட, கேமராவ ஆஃப் பண்ணாம, அப்படியே மவுண்டுலயே டெலஸ்கோப்புக்கு மூடி போட்டு அது மேல கறுப்புத் துணி ரெண்டு சுத்து சுத்தி 30 டார்க் எடுக்கறேன். ஒரு மணி நேரம் போவும், அந்த நேரத்துல வானம் இருந்தாலும் வயித்தெரிச்சலோட விட்டுடணும். இன்னொரு பாதி டார்க்க ஆரம்பத்துலயே, கேமரா சூடாவறப்ப எடுத்து வெச்சிக்கிட்டா ஃப்ரேம் சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெண்டு குரூப்பா பிரிச்சி, ஒவ்வொரு குரூப்பையும் ஒண்ணா சேத்து மாஸ்டர் டார்க் போடலாம், நான் இப்ப அப்பிடிதான் செய்றேன். ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கணும், டார்க் கழிக்கறதால நிரந்தரமா இருக்கற பேட்டர்ன்தான் போவும். டார்க் கரண்ட்டு ஏறி எறங்கறதால வர்ற கொர்ர்னு இருக்கற குருணை போவாது, அது உள்ளயேதான் இருக்கும். அதே மாதிரி அஞ்சாறு டார்க் மட்டும் எடுத்து கழிச்சா அந்த டார்க்கோட நாய்ஸும் படத்துல ஏறிக்கும், அதனாலதான் 30.

அடுத்தது அந்த மழக்கோடு. இதுக்குப் பேரு வாக்கிங் நாய்ஸ். கைடிங் நல்லா இருந்தாலும் கைட் கொழாய்க்கும் பெரிய டெலஸ்கோப்புக்கும் நடுவுல ஒரு சின்ன நெளிவு இருக்கும், போலார் அலைன்மெண்ட்டும் துல்லியமா இருக்காது, அதனால ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நட்சத்திரம் சென்சார்ல ஒரே பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நவுரும். ஸ்டாக் பண்றப்ப சாஃப்ட்வேர் நட்சத்திரத்த ஒண்ணு மேல ஒண்ணு வெக்கும், அப்ப சென்சார்ல அசையாம இருக்கற அழுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம் வரிசையா நடந்து போவும், 45 ஃப்ரேம்ல 45 அடி, அதான் கோடு. இத டீநாய்ஸ் வெச்சி எடுக்கவே கூடாதுன்னு இப்ப சொல்றேன், ஏன்னா டீநாய்ஸுக்கு அது நாய்ஸாவே தெரியாது, கோடுங்கறது ஒரு உருவம், கொஞ்சம் போனாலும் மிச்சத்த அது பத்தரமா காப்பாத்தி இன்னும் தெளிவா வெச்சிடும்.

மருந்து டிதரிங். ரெண்டு மூணு ஃப்ரேமுக்கு ஒரு தடவ மவுண்ட கண்டபடி ஒரு பக்கம் கொஞ்சம் நவுத்தி விடறது. அழுக்கு ஒவ்வொரு ஃப்ரேமுலயும் வேற வேற எடத்துல விழும், ஸ்டாக்குல சிக்மா க்ளிப்பிங் போட்டா "இந்த எடத்துல 44 ஃப்ரேம் ஒண்ணு சொல்லுது, இது ஒண்ணு மட்டும் வேற சொல்லுது"ன்னு தூக்கிப் போட்டுடும். ரெண்டாவது நாள் இத ஆன் பண்ணேன், மறுநாள் ஸ்டாக் பண்ணிப் பாத்தா கோடு இன்னும் இருக்கு. கொஞ்சம் மங்கலா, ஆனா இருக்கு. ரெண்டு நாள் தல சுத்துனேன். கடைசியில பாத்தா பிஎச்டி2-ங்கற கைடிங் சாஃப்ட்வேர்ல டிதர் அளவு 1 பிக்சல்னு வெச்சிருக்கேன், அந்த பிக்சல் கைட் கேமராவோட பிக்சல், என் கேமராவோடது இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க: பிக்சல் அளவ மைக்ரான்ல எடுத்து 206.265-ஆல பெருக்கி ஃபோக்கல் லென்த்தால வகுத்தா ஒரு பிக்சல் எத்தன ஆர்க்செகண்டுன்னு (ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்கு) வரும். 600டி 4.3 மைக்ரான், 420 எம்எம், கிட்டத்தட்ட 2.1. கைட் கேமரா 3.75 மைக்ரான், 120 எம்எம், கிட்டத்தட்ட 6.4. ஆக கைட் கேமராவுல 1 பிக்சல்னா என் படத்துல வெறும் 3 பிக்சல். 600டியோட அழுக்கு தனிப் புள்ளியா இல்ல, மேகம் மாதிரி பத்து பிக்சலுக்குப் படர்ந்திருக்கும், 3 பிக்சல் நவுத்துனா அது மேலயேதான் விழும். அளவ 5 ஆக்குனேன், என் படத்துல 15 பிக்சல். மூணாவது நாள்ல இருந்து கோடு சுத்தமா இல்ல. 600டியில படுக்கப் பட்டையா வர்ற பேண்டிங்கும் இதுலயே முக்காவாசி அடங்கிடுச்சி, மிச்சத்துக்கு சிரில்ங்கற சாஃப்ட்வேர்ல கேனன் பேண்டிங்குன்னே ஒரு டூல் இருக்கு, எனக்குத் தேவப்படல.

இந்த ரெண்டையும் சரி பண்ணப்பறம் மிச்சம் இருக்கறது வெளிச்சத்தோட நாய்ஸ். இது கேமராவோட குத்தம் இல்ல, வானத்துல இருந்து வர்ற ஒளித்துகள் சீரா வராது, தகரக் கூரையில தூத்தல் விழற மாதிரி ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னுதான் விழும். நூறு விழுந்தா ஏறக்குறைய பத்து முன்ன பின்ன இருக்கும், பத்தாயிரம் விழுந்தா நூறு முன்ன பின்ன இருக்கும், அதாவது வர்க்கமூலம். அதனால நாய்ஸ் பாதியாவணும்னா டேட்டா நாலு மடங்கு வேணும், குறுக்கு வழி கெடயாது. நமக்கு இதுல இன்னொரு கஷ்டம், எம்8-ஓட வெளிச்சம் முக்காவாசி ஹைட்ரஜனோட செவப்பு, 656.3 நேனோமீட்டர், மாத்தாத கேனன்ல முன்னால இருக்கற ஃபில்டர் அதுல ஏறக்குறைய கால்வாசியதான் உள்ள விடும். போதாக்கொறைக்கு சென்சார்ல நாலு பிக்சல்ல ஒண்ணுதான் செவப்பு, ரெண்டு பச்ச, ஒண்ணு நீலம். அதனால என் படத்துல நாய்ஸ் அதிகமா தெரியற எடம் எதுன்னு பாத்தா எது ரொம்ப முக்கியமோ அந்த செவப்புலயே இருக்கு. சேனல தனித்தனியா பிரிச்சி 200 பர்சண்ட்ல பாத்தப்பதான் இது புரிஞ்சிச்சி, பச்ச தெளிவா இருக்கு, செவப்பு மட்டும் ரவையக் கொட்டி வெச்ச மாதிரி.

ஜூன் அமாவாசைக்கு ரெண்டு ராத்திரி, ஜூலை அமாவாசைக்கு ரெண்டு ராத்திரி போனேன். நடுவுல ஜெரெபு, அதான் புக மூட்டம், வந்து ஒரு வாரம் நட்சத்திரமே தெரியல. பனி கொட்டும், லென்ஸுக்கு ஹீட்டர் பட்டை இல்லாம இங்க ஒரு மணி நேரம் கூட ஓட்ட முடியாது. ரெண்டு மாசத்துலயும் மேகம் வந்தது, மில்லு புக இந்தப் பக்கம் அடிச்சது எல்லாத்தையும் கழிச்சி 180 நல்ல ஃப்ரேம் தேறுச்சி, 6 மணி நேரம். மொத நாள் 45-க்கு நாலு மடங்கு. ஸ்டாக் பண்ணி ஸ்ட்ரெச் பண்ணி பழசுக்குப் பக்கத்துல வெச்சிப் பாத்தேன், ஒரு டீநாய்ஸும் போடாமலேயே பழைய படத்துல ஃபுல்லா டீநாய்ஸ் போட்டத விட இது நல்லா இருக்கு. அப்ப மணி விடியக்காலம் 3, அம்மா தூங்கறாங்க, யாரையாவது எழுப்பி காட்டணும் போல இருந்துச்சி.

இப்ப ப்ராசஸிங். நான் பாவிக்கறது எல்லாம் ஓசியில கெடைக்கற சாஃப்ட்வேர்தான், சிரில், கிராஎக்ஸ்பெர்ட், ஸ்டார்நெட், கிம்ப். காசு குடுத்து வாங்கறது இன்னும் நல்லா இருக்கும்னு சொல்றாங்க, நான் பாவிச்சதில்ல.

ஸ்டாக் முடிஞ்சதும் டிதர்னால ஓரம் பிசிறா இருக்கும், அத வெட்டிடணும், வெட்டாம விட்டா பின்னால வர்ற எல்லா கணக்கும் அந்த ஓரத்தப் பாத்து கெட்டுப் போவும். அப்பறம் கிராஎக்ஸ்பெர்ட்ல பேக்ரவுண்ட எடுக்கறது, மில்லு வெளிச்சம் வலது மூலையில மஞ்சளா ஏறி இருந்துச்சி, போயிடுச்சி. அடுத்தது சிரில்ல கலர் கேலிப்ரேஷன், நட்சத்திர அட்டவணையோட ஒப்பிட்டு அதுவே சரி பண்ணிக்கும். இது வரைக்கும் படம் லீனியர், அதாவது கண்ணுக்குக் கறுப்பாதான் இருக்கும், ஆட்டோ ஸ்ட்ரெச் வெச்சி எட்டிப் பாக்கணும்.

டீநாய்ஸ இந்த எடத்துலயே, ஸ்ட்ரெச்சுக்கு முன்னால போடறது நல்லதுன்னு இப்ப நம்பறேன். லீனியர்ல நாய்ஸோட கணக்கு நேரா இருக்கு, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஒழுங்கா ஏறுது, சாஃப்ட்வேருக்கு எது நாய்ஸுன்னு ஊகிக்க சுலபம். ஸ்ட்ரெச் பண்ணிட்டா இருட்டுல இருக்கற நாய்ஸ் பல மடங்கு ஊதிடும், வெளிச்சத்துல இருக்கறது அமுங்கிடும், அப்பறம் ஒரே அளவு மருந்து ரெண்டுக்கும் ஒத்து வராது.

இன்னொரு விஷயம், இத கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சி. டீநாய்ஸ் போட்டப்பறம் சின்னக் குருணை போயி, ஆனா தேமல் மாதிரி பெருசு பெருசா திட்டு நிக்கும். ஏன்னா கலர் கேமராவுல ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நெறம்தான் நெசமா பதியுது, மத்த ரெண்டும் அக்கம் பக்கத்துப் பிக்சலப் பாத்து நெரப்பறது, அதுக்கு மேல அலைன் பண்றப்ப இன்னொரு தடவ கலக்குது. ஒரு பிக்சலோட நாய்ஸ் பக்கத்து ரெண்டு மூணு பிக்சலுக்கு ஒழுகிடுது. சாதா டீநாய்ஸ் ஒவ்வொரு பிக்சலோட நாய்ஸும் தனித்தனின்னு நெனச்சி வேல செய்யும், அதனால இந்தத் திட்ட உருவம்னு நம்பி விட்டுடும். இதுக்கு நல்ல வழி பேயர் ட்ரிசில், நெரப்பற வேலையே இல்லாம நெசமாப் பதிஞ்ச பிக்சல மட்டும் அதது எடத்துல கொட்டறது. டிதர் நெறய இருக்கணும், ஃப்ரேம் நெறய இருக்கணும், 180-ம் 15 பிக்சல் டிதரும் இருந்ததால எனக்கு இது சரியா வந்துச்சி. திட்டு பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சி.

சரி, டீநாய்ஸ் எவ்வளவு போடறது? தாத்தா கேட்டாரே, அந்தக் கேள்விக்கு இங்கதான் பதில் கெடச்சிச்சி.

180 ஃப்ரேம ஒத்தப்பட எண்ணு எல்லாம் ஒரு பக்கம், ரெட்டப்பட எண்ணு எல்லாம் ஒரு பக்கம்னு பிரிச்சி, 90 ஒரு ஸ்டாக், 90 இன்னொரு ஸ்டாக்குன்னு தனித்தனியா போட்டேன். ஒரே வானம், ஒரே ராத்திரி, ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இல்லாத நாய்ஸ். ரெண்டுக்கும் அச்சா ஒரே மாதிரி டீநாய்ஸ் போட்டு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி மாத்தி மாத்தி பாக்கறது. ரெண்டுலயும் இருந்தா அது வானத்துல இருக்கறது. ஒண்ணுல மட்டும் இருந்தா அது சாஃப்ட்வேர் பூசுனது. ரெண்டு சாட்சிய தனித்தனியா கூப்ட்டு விசாரிக்கற மாதிரி. ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், சென்சார் அழுக்கு மிச்சம் இருந்தா அது ரெண்டுலயும் வந்து பொய்ச் சாட்சி சொல்லும், அதனால டார்க்கும் டிதரும் சரியானப்பறம்தான் இந்த சோதன செல்லும்.

அந்த நரம்புக் கோடு ஞாபகம் இருக்கா, கிராஎக்ஸ்பெர்ட் டீநாய்ஸோட பலத்த 0.9-ல வெச்சா அது மாதிரி ஒத்தப்பட ஸ்டாக்குல ஒண்ணு வருது, ரெட்டப்படையில அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, அதுக்குப் பதிலா வேற எடத்துல வேற ஒரு கோடு. ரெண்டுமே பொய். 0.5-க்கு எறக்குனேன், ரெண்டு கோடும் காணாமப் போச்சி.

அதே மாதிரி நெபுலாவோட வெளிச்சத்துக்கு நடுவுல மூணு சின்ன கறுப்புப் பொட்டு இருந்துச்சி, நாய்ஸுன்னு நெனச்சி மொத ப்ராசஸிங்ல அத க்ளோன் டூல் வெச்சி நானே அழிச்சிருக்கேன். இப்ப பாத்தா ரெண்டு பொட்டு ரெண்டு ஸ்டாக்குலயும் அதே எடத்துல, அதே உருவத்துல இருக்கு. ஒண்ணு தல பெருத்து வாலு நீண்டு, வால்மீன் மாதிரி. தேடிப் பாத்தா அதுக்குப் பேரே இருக்கு, பி88. எட்வர்ட் பர்னார்டு 1919-ல போட்ட 182 கறுப்பு எடங்களோட பட்டியல்ல 88-வது. அவருக்கே இதெல்லாம் வானத்துல இருக்கற ஓட்டையா, இல்ல பின்னால இருக்கற வெளிச்சத்த மறைக்கற மேகமான்னு பல வருசம் சந்தேகம் இருந்துச்சி. 1947-ல பார்ட் போக்கும் எடித் ரெய்லியும் இது மாதிரி சின்னக் கறுப்பு உருண்டைங்க உள்ள நட்சத்திரம் பொறக்கப் போற மேகமா இருக்கலாம்னு எழுதுனாங்க, பின்னால அது சரின்னே ஆச்சி. அப்பேர்ப்பட்ட ஒண்ண நான் அழுக்குன்னு தொடச்சிருக்கேன். மூணாவது பொட்டு ரெட்டப்படையில மட்டும்தான், அது நாய்ஸ்தான்.

இன்னொரு சோதனையும் செஞ்சேன், இது இன்னும் சுருக்கம். டீநாய்ஸ் போடறதுக்கு முன்னால இருந்த படத்துல இருந்து போட்டப்பறம் இருக்கற படத்த சிரில் பிக்சல் மேத்ல கழிக்கறது, கூட 0.1 கூட்டிக்கணும், இல்லன்னா மைனஸா வர்றதெல்லாம் வெட்டுப்பட்டுப் போவும். வர்றது என்னா? சாஃப்ட்வேர் எத எடுத்து வெளிய போட்டுச்சோ அது. அதுல வெறும் ரவ மட்டும் இருக்கணும். நெபுலா பக்கம் ரவ கொஞ்சம் கூடுதலா தெரியலாம், அங்க வெளிச்சம் அதிகம், நாய்ஸும் அதிகம், அது நாயம்தான். ஆனா உருவம் தெரியக்கூடாது. 0.9-ல போட்டத கழிச்சிப் பாத்தா பி88-ஓட தலையும் வாலும் கோட்டுப் படம் மாதிரி அதுல நிக்குது, நட்சத்திரத்தச் சுத்தி எல்லாம் வளையம். குப்பத் தொட்டியில நம்ம சாமான் கெடக்கற மாதிரி ஒரு வலி. 0.5-ல ரவ மட்டும்தான். அதுக்கு மேல ஏத்தறதில்லன்னு அன்னைக்கு முடிவு. என் லேப்டாப்புல ஒரு தடவ ஓட அரை மணி நேரத்துக்கு மேல ஆவும், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம், ஆனா செஞ்சி பாக்கணும், உங்க டேட்டாவுக்கு 0.5 இல்லாம 0.3 ஓ 0.7 ஓ வரலாம்.

அப்பறம் ஸ்ட்ரெச், ஒரே மூச்சுல இழுக்காம மூணு நாலு தடவயா கொஞ்சம் கொஞ்சமா. பேக்ரவுண்ட முழுக் கறுப்பா ஆக்காதீங்க, நாய்ஸ மறைக்க நெறய பேரு அப்பிடி அமுக்கிடறாங்க, அதோட லேசா படர்ந்திருக்கற தூசியும் போயிடுது. கொஞ்சம் சாம்பல் கலந்து விடணும்.

கலர் நாய்ஸுக்கு மட்டும் தனி வைத்தியம். ஸ்டார்நெட்ல நட்சத்திரத்த எல்லாம் பிரிச்சி வெச்சிட்டு, நட்சத்திரம் இல்லாத படத்த கிம்ப்ல எல்ஏபி-யா டிகம்போஸ் பண்ணேன். எல்லுங்கறது வெளிச்சம், ஏயும் பியும் நெறம். ஏ, பி ரெண்டுக்கு மட்டும் காஷியன் ப்ளர் 4 பிக்சல், எல்ல தொடவே இல்ல. திரும்ப சேத்தா பேக்ரவுண்டுல இருந்த செவப்புப் பச்சத் திட்டு அடங்கிடுது, ஒரு கோடு கூட மங்கல, ஏன்னா நம்ம கண்ணு நுணுக்கத்த எல்லாம் வெளிச்சத்துலதான் பாக்குது, நெறம் கொஞ்சம் கலஞ்சா கண்டுபிடிக்காது. இது அஞ்சு நிமிச வேல, டீநாய்ஸ்ல செய்யற பெரிய கூத்த விட இது அதிகமா பலன் குடுத்துச்சி. நட்சத்திரத்த திரும்ப சேத்தேன். கடைசியா படத்த பாதி அளவுக்குக் கொறச்சேன், நாலு பிக்சல் ஒண்ணாவறப்ப மிச்ச ரவையும் நல்லா கொறயும். பிரிண்ட்டு எட்டுக்குப் பன்னெண்டு இஞ்ச்சிதான், அதுக்கு 18 மெகாபிக்சல் தேவையே இல்ல.

முடிஞ்ச படத்துல கிட்டப் போயி பாத்தா லேசா ரவ இருக்கு. வேணும்னே விட்டேன். அத முழுசா எடுத்தா கூடவே எத எடுக்குதுன்னு அந்தக் கழிச்ச படத்துல பாத்துட்டேன்.

போன ஞாயித்துக்கெழம பகாவ் டவுன்ல பிரிண்ட்டு போட்டு தாத்தா கிட்ட எடுத்துட்டுப் போனேன், பழைய பிரிண்ட்டையும் கூட. ரெண்டையும் மடியில வெச்சி மாத்தி மாத்தி பாத்தாரு. புதுசுல வெரல வெச்சி, "இதுல கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு" ன்னாரு, "ஆமா தாத்தா, அது வர்ற வெளிச்சத்தோட கணக்கு, தொடச்சா மத்ததும் போயிடும்" னேன். அப்பறம் அந்த வெரல் நேரா பி88 மேல போயி நின்னுச்சி. "இந்தக் கறுப்பு? இதுல வாலு இருக்கே. பழசுல இல்லையே." இது புக மாதிரி தூசி, இது மாதிரி எடத்துலதான் புது நட்சத்திரம் உண்டாவும்னு சொன்னேன், பழசுல நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்னும் சொன்னேன். "அப்ப இது நீ பூசுனது இல்ல" ன்னாரு. "இல்ல தாத்தா. ரெண்டு தடவ தனித்தனியா எடுத்துப் பாத்தேன், ரெண்டுலயும் இருக்கு." பழச என் கையில குடுத்துட்டு புதுச மட்டும் வெச்சிக்கிட்டாரு.

செவப்பு சேனல் இன்னும் எனக்குத் திருப்தியா இல்ல. ஆகஸ்டு அமாவாசையில எம்8 ராத்திரி 9, 10 மணிக்கே உச்சிக்கு வந்துடும், வேல முடிஞ்சி வந்து ரெண்டு மூணு மணி நேரம் சேத்துக்கலாம், ஜெரெபு மட்டும் வராம இருக்கணும். கேமராவோட முன் ஃபில்டர கழட்டறதப் பத்தியும் விசாரிச்சிக்கிட்டு இருக்கேன், கழட்டுனா ஹைட்ரஜன் செவப்பு மூணு நாலு மடங்கு கூடுதலா உள்ள வரும், ஆனா 600டிய நானே பிரிக்கறதுக்கு முன்னால வேல செய்யாத பழைய கேமரா ஒண்ணு கெடச்சா அதுல கைய பழக்கிக்கணும்.